பிட் விழலன்னு சொல்லிடுங்க அக்கா

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்ற மணிக்கு வந்த மெசேஜ் அது. "அக்கா நாளைக்கு பிட் விழலன்னு அப்பாகிட்ட சொல்லிடுறீங்களா, ஒரே ஒரு தடவ, அப்பறம் நான் பேசிக்கிறேன்." பாதி இங்கிலீஷ் பாதி தமிழ்ல டைப் பண்ணிருந்தான். பையனுக்கு 19 வயசு, என்எஸ்ல, அதாவது கட்டாய ராணுவ சேவைல இருந்தான், கேம்ப்ல லைட்ஸ் ஆஃப் ஆனதுக்கப்புறம் போர்வைக்குள்ள இருந்து அனுப்பிருக்கணும்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

நான் சிங்கப்பூர்ல கார் விக்கிறவ. இங்க புது கார் வாங்கணும்னா சிஓஇங்கிற உரிமைச் சீட்ட ஏலத்துல எடுக்கணும், அந்த ஏலத்துல கஸ்டமருக்காக நாங்க கேக்குற வெலதான் பிட், சீட்டு கெடச்சா பிட் விழுந்துச்சும்போம். புதன்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு பிட்டிங் மூடும். அதாவது எனக்கு பதினாறரை மணி நேரம் இருந்துச்சு. இந்த கணக்க நான் இப்ப எத்தன தடவ போட்டுப் பாத்துட்டேன்னு தெரியல.

நான் திருப்பி அனுப்புனது இதுதான்: "தம்பி, கஸ்டமர்கிட்ட நான் பொய் சொல்ல முடியாதுப்பா. நீங்களே அப்பாகிட்ட பேசுங்க." கடைசில ஒரு சிரிப்பு எமோஜி போட்டேன். அந்த எமோஜி ஏன் போட்டேன்னுதான் இன்னும் புரியல. ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, அவ்வளவுதான், பதில் வரல.

அவங்க அப்பாவ பத்தி சொல்லியாகணும், இல்லன்னா அவர தப்பா நெனப்பீங்க. 56 வயசு, தனியார் பஸ் ஓட்டுறவரு, காலைல ஸ்கூல் பிள்ளைங்க, அப்பறம் ஃபேக்டரி ஆளுங்க, மறுபடி ஸ்கூல். "முப்பது வருசமா அடுத்தவன் வண்டியதான் ஓட்டிட்டிருக்கேன் தங்கச்சி, எம் மவன் அவன் வண்டில போவணும்"னு மொத நாளே சொன்னாரு. 2023 அக்டோபர்ல ஏ கேட்டகரி, அதாவது சின்ன எஞ்சின் வண்டிக்கான சிஓஇ 106,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனப்ப ஒருதரம் வந்து வெல கேட்டுட்டு ஒண்ணும் பேசாம போனவரு, ஜனவரில அது 70,000க்கும் கீழ எறங்குச்சுன்னு நியூஸ்ல பாத்துட்டு குடும்பத்தோட வந்து நின்னாரு. அவர் கேட்டது பெரிய எஞ்சின், பி கேட்டகரி. எறங்கும்போதே புடிச்சிடணும்னு அவசரம். அந்த அவசரத்த நான் தப்பு சொல்ல மாட்டேன், அந்த வாரம் ஷோரூமுக்கு வந்த எல்லாருக்குமே அதே அவசரம்தான், நாங்களும் அதத்தான் சொல்லி வித்தோம்.

வண்டி எல்லாம் சேத்து 172,000 வெள்ளி. ஓஎம்வி, அதாவது வரியெல்லாம் சேராத இறக்குமதி வெல, 20,000க்கு மேல இருக்க வண்டி, அதனால 60 சதவீதம்தான் லோன், மிச்சம் 68,800 கைக்காசா வைக்கணும். 55 வயசானப்ப சிபிஎஃப்ங்கிற சேமநிதில இருந்து எடுத்த காசு, வீட்டுக்காரம்மா சீட்டு போட்டு சேத்தது எல்லாம் அதுல போச்சு. லோன் ஏழு வருசம், மாசம் 1,440 வெள்ளி சொச்சம், அது முடியும்போது அவருக்கு 63 ஆயிருக்கும். நானேதான் கால்குலேட்டர்ல தட்டி காமிச்சேன். அவர் தலைய ஆட்டுனாரு. அந்தம்மா கால்குலேட்டர பாக்கல, மவன பாத்தாங்க. மவன் செவத்துல இருந்த போஸ்டர பாத்துக்கிட்டிருந்தான்.

இதுல இன்னொண்ணு நடந்துச்சு. நான் கார் விக்கிறவதான், ஆனா லைசன்ஸ் எடுத்து ஒரு வருசம்கூட ஆகாத பிள்ளைக்கு புது கார் வாங்கிக் குடுக்கறது எனக்கு எப்பவுமே ஒப்பாது. காசு பெருசுங்கிறது மட்டும் இல்ல. புது ஓட்டுநர்னு காட்டுற பி-பிளேட் ஒட்டிருக்கிற அந்த மொத வருசத்துல தப்புக்குப் போடுற பாயிண்ட் 13 சேந்துட்டா லைசன்ஸே போயிடும், மறுபடி முதல்லேருந்து பேசிக் தியரி எழுதணும், இன்சூரன்ஸ்ல சின்ன வயசு ஓட்டுநர்னு எக்ஸஸ், அதாவது நாம கைலேருந்து கட்ட வேண்டிய பங்கு, கூட போடுவான், கார்பார்க் தூண்ல ஒரு கீறு விழுந்தாலே அப்பா முகத்த பாக்க பயப்படுற கார வச்சுக்கிட்டு ஒரு பையன் எப்படி ஓட்டக் கத்துக்குவான்? அதனால அன்னைக்கு நான் மெதுவா கேட்டேன், "அண்ணே, சிஓஇ மூணு நாலு வருசம் மிச்சம் இருக்க பழைய வண்டி ஒண்ணு பாக்கலாமா, தம்பி கை பழகட்டும், என்எஸ் முடிச்சதும் புதுசு எடுக்கலாம்"னு.

அவர் முகம் அப்படியே மாறிப்போச்சு. கோவம்கூட இல்ல. "நாங்க வாங்க முடியாதுன்னு நெனச்சிட்டியாம்மா?"ன்னாரு. பக்கத்து மேசைல இன்னொரு குடும்பம் அதே வண்டிக்கு கையெழுத்து போட்டுக்கிட்டிருந்தாங்க, அவங்ககிட்ட யாரும் பழைய வண்டி பாருங்கன்னு சொல்லல. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. எங்கப்பாவும் லாரி ஓட்டுனவரு, அவர கடையில நிக்க வச்சு "இது வெல ஜாஸ்தி"ன்னு ஒருத்தன் சொன்னத சின்ன வயசுல பக்கத்துல நின்னு பாத்தவ நான். அதே வேலைய நான் இவருக்குப் பண்ணிட்டேனேன்னு நெனச்சு உடனே மன்னிப்பு கேட்டுட்டு ஆர்டர் ஃபார்ம எடுத்தேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு மனசுல ஒரு பூட்டு போட்டுட்டேன். மறு செவ்வாய்க்கிழமை மெசேஜ் வந்தப்பவும் அந்தப் பூட்டு கழண்டிருக்கல. இத நான் சாக்கா சொல்றேனா, நெசமாவே அதுதான் காரணமா, எனக்கே சரியா பிரிச்சுப் பாக்க முடியல. ஏன்னா அந்த மாசம் எனக்கு அதுவரைக்கும் ஒரு வண்டிகூட போகல. அதையும் சொல்லிடணும்.

பொய் சொல்ல முடியாதுங்கிறது உண்மைதான். பிட் விழுந்ததா இல்லையான்னு மறைக்கவே முடியாது, கம்பெனி சிஸ்டம்ல ஏறிடும், டெபாசிட் காசு சம்பந்தப்பட்டது, வேலையே போயிடும். அந்தப் பையனுக்கு அது தெரிஞ்சிருக்க நியாயமில்ல. ஆனா பொய் சொல்லாமலே செய்யறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. அவர் எடுத்தது கேரண்டி இல்லாத பேக்கேஜ், இந்த பிட்டிங்ல விழலன்னா அடுத்ததுல போடுவோம், மாசத்துக்கு ரெண்டு தடவ வருது. புதன்கிழமை காலைல ஒரு போன் போட்டு "அண்ணே, இந்த தடவ விட்டுட்டு அடுத்த பிட்டிங்ல போடலாம், அதுக்குள்ள தம்பி கேம்ப்லேருந்து புக் அவுட் ஆகி வரட்டும், ஒரு தடவ உக்காந்து பேசிடுங்க"ன்னு சொல்லிருக்கலாம். கஸ்டமர் கேட்டு தள்ளிப்போடுறதெல்லாம் எங்களுக்கு சாதாரணம், மேனேஜர் ஒரு வார்த்த முணுமுணுப்பாரு, அதோட சரி. அந்தப் போன நான் போடல. காலைல ரெண்டு தடவ அவர் நம்பர எடுத்து வச்சேன். அப்பறம் வேற கஸ்டமர் வந்துட்டாங்க.

அப்படி சொல்லிருந்தா அடுத்த பிட்டிங்ல வெல ஏறிருக்கும், அவர் இன்னும் கூட காசு கட்டிருப்பாரு, அப்ப என்ன திட்டிருப்பாருன்னு ஒரு பக்கம் தோணுது. நாங்க போட்ட ஜனவரி ரெண்டாவது பிட்டிங்லயே மொததவிட ஏறிடுச்சு, எங்களுக்கு விழுந்ததே பெரிய விஷயம். இந்த வாதத்த நான் எனக்கு நானே நெறைய தடவ சொல்லிருக்கேன். ஆனா அன்னைக்கு காலைல எனக்கு அது தோணவே இல்ல, பின்னாடி கண்டுபுடிச்சதுதான்.

4 மணிக்கு மேல ரிசல்ட் வந்துச்சு, அவருக்கு போன் போட்டேன். பஸ்ஸ எங்கயோ ஓரமா நிறுத்திட்டு எடுத்தாரு, பின்னாடி பிள்ளைங்க சத்தம். "விழுந்துருச்சு அண்ணே"ன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "முருகா"ன்னு ஒரு வார்த்த மட்டும் கேட்டுச்சு.

பையன் ஏன் வேணாம்னான்னு நானாத்தான் ஊகிக்கிறேன், அவன் காரணம் எதுவும் எழுதல. சிஓஇ பத்து வருசம், அந்தக் கணக்கு வண்டி ரிஜிஸ்டர் ஆன நாள்லேருந்தே ஓட ஆரம்பிச்சிடும், வண்டி ஓடுனாலும் நின்னாலும். சிஓஇ மட்டும் 90,000னு வச்சாக்கூட ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 25 வெள்ளி. அவனுக்கு ஓஆர்டிக்கு, அதாவது என்எஸ் முடியறதுக்கு, இன்னும் ஒன்ற வருசம் இருந்துச்சு, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பிப் போறவன். வீட்டு புளோக்குக்குக் கீழ அவன் பேர சொல்லி ஒரு வண்டி நிக்க, அதுக்காக அப்பா இன்னும் ஏழு வருசம் விடியக்காலைல எந்திரிச்சு பஸ்ஸ எடுக்க. இதத்தான் அவன் யோசிச்சிருப்பான்னு நெனைக்கிறேன். இல்ல, அவனுக்கு வேற கலர்தான் புடிச்சிருந்துச்சோ என்னமோ. 19 வயசுல எனக்கே என்ன வேணும்னு தெரியாது.

டெஸ்ட் டிரைவ் ஞாபகம் வரும்போதுதான் எனக்கு மறுபடி எல்லாம் குழம்பிடும். பி-பிளேட் காரங்களுக்கு நாங்க டெஸ்ட் டிரைவ் தர்றதில்ல, அதனால அப்பாதான் ஓட்டுனாரு, பையன் பின்னாடி அம்மாவோட உக்காந்தான். ஏறுறதுக்கு முன்னாடி செருப்ப தரைல ரெண்டு தேய் தேச்சுட்டு ஏறுனாரு. அலெக்ஸாண்ட்ரா ரோட்டுல ஒரு சுத்து. அந்த மாதிரி ஒருத்தர் வண்டி ஓட்டி நான் பாத்ததில்ல, அவ்வளவு பெரிய பஸ்ஸ திருப்புற கை, ஸ்டியரிங்க விரல் நுனில புடிச்சிருந்தாரு. கண்ணாடில பின்னாடி பாத்து "எப்படிடா இருக்கு?"ன்னாரு. "நல்லா இருக்குப்பா"ன்னான். அந்த வண்டி யாருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். மவனுக்குன்னு சொன்னாத்தான் அவரால அவ்வளவு காசு எடுக்க முடியும், தனக்குன்னா கைவராது, நம்ம ஆளுங்க நெறைய பேரு அப்படித்தான். அப்ப நான் அந்தப் போன போட்டிருந்தா அவர்கிட்டேருந்து எத புடுங்கிருப்பேன்?

இப்படி யோசிச்சா மனசு லேசாகும். ஒரு நாள் லேசாகும், மறுநாள் அந்தம்மா மவன பாத்த பார்வ வந்துடும்.

வண்டி எடுக்க வந்தப்ப பையன் ரெண்டு கையாலயும் சாவிய வாங்கிட்டு "தேங்க்ஸ் அக்கா"ன்னான். கண்ண பாத்துத்தான் சொன்னான். மெசேஜ் பத்தி நானும் பேசல அவனும் பேசல. அப்பா எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாரு, நாலு டயருக்கும் அவரே வச்சாரு, வண்டிய எடுத்து நசுக்கச் சொல்லி பையன உக்கார வச்சாரு.

பத்து மாசம் கழிச்சு சர்வீசுக்கு வந்தாரு. கீழ வொர்க்‌ஷாப்ல குடுத்துட்டு என்ன பாக்கணும்னே மேல ஏறி வந்து, கோப்பி பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வந்திருந்தாரு. ஷீட்ட பாத்தேன், 3,900 கிலோமீட்டர். இங்க ஒரு கார் வருசத்துக்கு 15,000க்கு மேல ஓடும். "அவன் எடுக்கவே மாட்டேங்கறான் தங்கச்சி, கேட்டா பார்க்கிங் கெடைக்காதுப்பாங்கிறான், எம்ஆர்டி ரயில்லயே போறான். நாந்தான் ஞாயித்துக்கிழமை அம்மாவ தேக்காவுக்கு கூட்டிட்டுப் போறேன், கழுவி வைக்கிறேன்"னாரு. சொல்லும்போது சந்தோஷமாத்தான் இருந்தாரு, கழுவுறத பத்தி நல்ல வெவரமா சொன்னாரு, எந்த துணி, எந்த ஷாம்புன்னு. அப்பறம் கோப்பிய உறிஞ்சிக்கிட்டே, ஒண்ணும் பெருசா இல்லாத மாதிரி கேட்டாரு.

"வாங்குறப்ப அவன் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானாம்மா?"

"இல்லண்ணே, ஒண்ணும் சொல்லலையே"ன்னேன்.

கஸ்டமர்கிட்ட பொய் சொல்ல முடியாதுன்னு அந்தப் பையனுக்கு எழுதுனவதான் நான். யோசிக்கக்கூட இல்ல, வாய் தானா சொல்லிடுச்சு. சொல்லியிருந்தா அந்த மனுசன் வீட்டுக்கு வண்டிய எப்படி ஓட்டிட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேனா, இல்ல என்ன காப்பாத்திக்கிட்டேனா. அவர் தலைய ஆட்டிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கண்ணாடி வழியா கீழ வண்டிய தூக்கி வச்சிருந்தத பாத்துட்டு, "டயர் நாலும் அப்படியே புதுசா இருக்கு பாரு"ன்னாரு.