வரலாறும் ஓர் ஆறாம்!

கட்டுரைகளைப் படித்து ஆறுகளின் பெயர்களைத் தானே திரட்டும் கணினி நிரல் ஒன்றை எழுதிவருகிறேன். நேற்றிரவு அது தந்த பட்டியலில் பாலாறு, செய்யாறு, அடையாறு ஆகியவற்றுக்கு அடுத்து வரலாறு, தகராறு, கோளாறு ஆகியனவும் வரிசையாக நின்றன. கோளாற்றை நிரலே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் ஓடவிட்ட, இணையப் பக்கங்களைப் படித்துப் பெயர்களை வகைப்படுத்தத் தானே கற்கும் ‘நெல்’ (NELL) அமைப்பின் வழியைத்தான் சிறிய அளவில் பின்பற்றுகிறேன்: தமிழ் விக்கிப்பீடியாவின் முழுப் பிரதி, தொடக்க எடுத்துக்காட்டுகளாக நான் கொடுக்கும் பத்து விதைச் சொற்கள், புதிய பெயர்களைப் பிடித்துத் தரும் ‘காவிரி, வைகை போன்ற ஆறுகள்’ என்பதுபோன்ற தொடர் வடிவங்கள். ஆங்கிலத்தில் வகைப்பெயர் முன்னால் வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வருவதால் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலையாகிறது.

ஆனால் மூன்று வாரங்களை விழுங்கியது வேற்றுமை உருபுகளை நீக்கும் படிதான். ஆயத்தமாகக் கிடைத்த ஒரு வேர்ச்சொல் கருவி ‘பாலாற்றில்’ என்பதை ‘பாலாற்’ என்று வெட்டிப் போட்டது. அதைக் கைவிட்டு, ‘ஆற்று’ என முடிவதை ‘ஆறு’ ஆக்கும் விதியை நானே எழுதினேன். எண்ணாகிய ஆறு இதில் சிக்காது, ஏனெனில் ‘ஆறில் ஒரு பங்கு’ என்றுதான் எழுதுவோமே தவிர ‘ஆற்றில் ஒரு பங்கு’ என்று எழுதுவதில்லை. இலக்கணம் தானாகச் செய்த இந்த உதவியில் நான் மகிழ்ந்திருந்த வேளையில்தான், அதே விதியின் வழியாக ‘வரலாற்றில்’ உள்ளே புகுந்தது. இப்போது, ஆறு என முடியும் எந்தப் பெயரும் ஒருமுறையேனும் ‘ஆற்றங்கரை’ என்றோ ‘ஆற்றுப்படுகை’ என்றோ நீண்டு வந்திருந்தால்தான் ஏற்கிறேன். பாலாற்றங்கரை உண்டு, தகராற்றங்கரை கிடையாது. ஒன்றிரண்டு கட்டுரைகளில் மட்டும் தலைகாட்டும் சிற்றாறுகள் இதனால் விடுபடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கொள்ளிடம் இருமுறை வந்ததற்குக் காரணம் வேறு: ‘கொ’வின் உயிர்க்குறியை ஒருவர் ஒரே குறியீடாகவும், மற்றொருவர் கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிட்டிருந்தனர். இப்படி இருவிதமாக உள்ளிடப்பட்டதை ஒரே வடிவமாக்கும் ஒருங்குறி இயல்பாக்கத்தை முதலில் ஓட்டினால் இது தீர்ந்துவிடும். நான் கடைசியில் ஓட்டினேன்.

பொன்னிதான் இன்னும் தீரவில்லை. காவிரியின் பெயர் என்று விதையில் சேர்த்தேன். நிரலோ ‘பயிரிடப்படும் பொன்னி’ என்ற வடிவத்தையும் கற்று, சீரகச் சம்பாவையும் கிச்சிலிச் சம்பாவையும் ஆறாக்கிவிட்டது. இணையத்தளங்கள் உலாவியில் சேமிக்கும் ‘குக்கி’ என்ற சிறு தரவைத் தின்னும் பண்டமாக எண்ணிய ‘நெல்’ அமைப்புக்கு நேர்ந்த அதே சறுக்கல், இங்கே உண்மையான நெல்லிலேயே நேர்ந்திருக்கிறது. மிட்செல் குழுவினரைப் போல நெல் வகைகளையும் தனிப் பிரிவாகக் கற்பித்து, ஒரு பெயர் இரு பிரிவுகளிலும் இருக்கக்கூடாது என்று தடுத்தால் சம்பாக்கள் வெளியேறும். பொன்னியோ இரண்டுமாக இருப்பதே உண்மை.

இதற்கிடையில் மலைகளுக்கான விதைகளையும் திரட்டத் தொடங்கிவிட்டேன். ஏழுமலை என்ற பெயருடைய மனிதர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்களோ தெரியவில்லை. இன்றைய ஓட்டத்தில் வெண்ணாறும் வெட்டாறும் தேறியிருக்கின்றன. பொன்னியை விதையிலிருந்து எடுத்துவிட்டு இன்றிரவு மீண்டும் ஓட்டுகிறேன்.