ஸ்பீக்கர் கட்டும் மாதம்

ஜூலை 20, 2025, ஞாயிறு

ஆடியின் முதல் ஞாயிறு. காலை ஆறரைக்கே தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் பிறந்தவனுக்கு இது ஒரு சத்தமே இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி அடிக்கும் ஹாரனைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். தங்கச்சியும் அப்படித்தான் வளர்ந்தாள். இப்போது அவளுக்கு எந்தச் சத்தமும் ஆகாது. அம்மா முறத்தில் அரிசி புடைப்பதைக்கூட வாசலுக்குப் போய்ச் செய்கிறாள். பாட்டு தொடங்கியதும் ஜன்னலுக்கு இன்னொரு போர்வையைச் செருகினோம். தங்கச்சி காதில் பஞ்சு, அதன் மேல் பட்டறையில் போடுகிற காதுமூடி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2021 இரண்டாம் அலையில் அவளுக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. காய்ச்சல் விட்டது. அப்புறம் மாடிப்படி ஏறினால் மறுநாள் படுக்கை, துணி துவைத்தால் அந்த வாரமே படுக்கை என்று ஆகி, இப்போது எழுந்து உட்காருவதே பெரிய வேலை. நோயின் பெயர் மயால்ஜிக் என்செபலோமைலைடிஸ், சுருக்கமாக எம்.ஈ. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருவது அதிகம். உலக சுகாதார நிறுவனம் 1969லேயே இதை நரம்பு மண்டல நோய்களோடு சேர்த்துவிட்டது. ஆனாலும் இதுதான் நோய் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வரும். அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்தப் பார்வை எனக்கு மனப்பாடம்.

ஜூலை 23, புதன்

பெரியம்மா வந்திருந்தார். மந்திரித்த கயிறு கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறு சத்தம் போடாது. ஆனால் "எழுந்து நாலு அடி நடந்தாத்தானேடா உடம்புல தெம்பு வரும்" என்றதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நோயின் குணமே அதுதான். உழைப்புக்குப் பின் வரும் சரிவு. உழைத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஆளைச் சாய்த்துவிடும். பெரியம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: தண்ணி லாரி வராத வாரத்தில் வீட்டில் இரண்டு குடம்தான் இருக்கிறது என்றால் எப்படிச் செலவு செய்வீர்கள்? அவளுக்கு எல்லா வாரமும் லாரி வராத வாரம். உடனே புரிந்துவிட்டது, வடசென்னைக்காரர் அல்லவா.

முன்பு ஒரு கிளினிக்கில் தினமும் கொஞ்சம் கூட்டி நடக்கச் சொன்னார்கள். சொன்னபடி நடந்து நடந்துதான் படுக்கையில் விழுந்தாள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு, அப்படிப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை எம்.ஈ.க்குக் கொடுக்கக் கூடாது என்று 2021 அக்டோபரில் எழுதிவிட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். இப்போது பார்க்கும் டாக்டர் அதை வாங்கி முழுதாகப் படித்தார். அதனால்தான் அவரிடம் போகிறோம்.

ஜூலை 27, ஞாயிறு

கோயில் கமிட்டித் தலைவரைப் பார்த்தேன். ஹார்பரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கருக்குச் சட்டம் இருக்கிறது: ராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல். 2000ஆம் ஆண்டு விதிகள். அதை எடுத்து நீட்டினால் ஆடி முழுக்கப் பகைதான். அதனால் கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை.

"தங்கச்சிக்கு எப்டி கீது?" என்று அவரே ஆரம்பித்தார். சொன்னேன். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா தம்பி" என்று பையன்களைக் கூப்பிட்டு எங்கள் பக்கம் பார்த்த குழாயைத் தண்டவாளப் பக்கம் திருப்பச் சொன்னார். கூழ் ஊற்றும் அன்று பம்பை உடுக்கை வரும், அதைத் திருப்ப முடியாது. எந்த நாள், எத்தனை மணிக்கு எங்கள் வீட்டைத் தாண்டும் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

சத்தம் குறைவதைவிட, வரும் என்று முன்பே தெரிவது பெரிய விஷயம். தெரிந்தால் முந்தின நாள் முழுக்கப் பேசாமல், துடைத்துவிடாமல், போர்வையைக்கூட மாற்றாமல் சேமித்து வைக்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆனால் நேற்று நடந்ததைத்தான் எழுத வேண்டும். பின் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். எங்கள் ஏரியாவில் சாவு ஊர்வலம் என்றால் மேளமும் பட்டாசும் உண்டு. ரொம்ப நேரம் எங்கள் முனையிலேயே நின்று அடித்தார்கள். போய்க் கேட்கலாமே என்று அம்மா பார்த்தாள். நான் போகவில்லை. சாவு வீட்டில் போய் மேளத்தை நிறுத்து என்று கேட்கிற ஆள் நான் இல்லை. இன்றும் அதேதான் சொல்வேன்.

தங்கச்சி இன்று சாதாரணமாகத்தான் இருக்கிறாள். எங்களுக்குத்தான் பயம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிகாலையில் சரிந்துவிட்டாள். விழுங்க முடியவில்லை, கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் விட்டோம். பேச்சு இல்லை. விரல் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி, வரலட்சுமி விரதமும் சேர்ந்து தெருவே பூ வாசனை. உலகில் பல இடங்களில் இன்று வேறு ஒரு நாள். எம்.ஈ. முற்றியவர்களைப் புரிந்துகொள்ளவும், போனவர்களை நினைக்கவும் 2013 முதல் ஆகஸ்ட் 8ஐ வைத்திருக்கிறார்கள். சோஃபியா மிர்சா என்ற பெண்ணின் பிறந்தநாள் அது. இங்கிலாந்தில் பிரைட்டனில் இருந்தவர். 2003இல் இது மனநோய்தான் என்று முடிவு கட்டி, வீட்டிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய் மனநல மருத்துவமனையில் வைத்தார்கள். 2005 நவம்பரில் 32 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அழற்சி இருந்தது தெரிந்தது. உயிரோடு இருந்தவரை அவர் சொன்னதை நம்பாதவர்களுக்கு, செத்தபின் நுண்ணோக்கி சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா அம்மனுக்கு வைத்த விளக்கு பக்கத்திலேயே இன்னொரு அகல் ஏற்றினாள். "அந்தப் பொண்ணோட அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் முன்பு எடின்பரோ பல்கலைக்கழகத்தார் தலைமையில் நடந்த மரபணு ஆய்வின் முதல் முடிவு வெளிவந்திருக்கிறது. 15,579 நோயாளிகளின் டிஎன்ஏவைப் பார்த்ததில் மரபணுத் தொகுதியில் எட்டு இடங்களில் வித்தியாசம் தெரிகிறதாம். மற்ற ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்க வேண்டும், மருந்து வர நாளாகும். ஆனாலும் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கேரம் கிளப்பிலிருந்து சீட்டு வந்தது. உடம்புக்கு வருவதற்கு முன் இவள் அங்கே ஆடுவாள், வெள்ளைக் காயை வெட்டுவதில் கெட்டிக்காரி. அவளோடு ஆடிய பெண் ஒருத்தி மட்டும் இன்னும் விடவில்லை. போன் பார்த்தால் வெளிச்சம் ஆகாது, குரல் அனுப்பினால் காது தாங்காது என்று தெரிந்ததும், நோட்டுத் தாளில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதி வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறாள். உள்ளே வருவதில்லை. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய சேதி இந்த வீட்டுக்கு அப்படித்தான் வந்தது: "நம்ம ஏரியா. 3 கோல்டு."

மற்ற நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் படாத ஆளை நினைத்துக்கொண்டே இருப்பது கஷ்டம்தான். ஆனால் இவளைப் பற்றிப் பேசும்போது சிலர் "நல்லா ஆடும், பாவம்" என்று இறந்தவரைச் சொல்கிற மாதிரி சொல்கிறார்கள். அப்போது மட்டும் சுருக்கென்கிறது.

இன்றைய சீட்டு: "பைனல் நான் தோத்துட்டேன்." மெல்லச் சிரித்தாள். விரலால் ஒரு தட்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மறுபடி போனேன். 2016 சட்டத்தில் 21 வகை இருக்கிறது. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பும் உண்டு, எம்.ஈ. என்ற பெயர்தான் இல்லை. டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார். ஆளை நேரில் கூட்டி வாருங்கள் என்றார்கள். வர முடியாது என்பதற்குத்தானே சான்றிதழே கேட்கிறேன் என்றேன். மேலதிகாரியைப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்படி மனு எழுதியிருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

ஆடி முடியப் போகிறது, ஆனால் 27ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. கமிட்டித் தலைவர் தானே வந்து, 31ஆம் தேதி ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குச் சிலை எங்கள் வழியாகக் காசிமேட்டுக்குப் போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை தலைக்கு ஊற்றுவதாக இருந்தோம். அதை முந்தின வாரத்துக்கு மாற்றியாகிவிட்டது.