சிறிய யு.பி.எஸ்.ஸில் பெரிய பேட்டரி: டிரான்ஸ்ஃபார்மரை அளந்து பார்த்த அனுபவம்

சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கும் காற்று மரக்கிளைகளை மின்கம்பிகள் மேல் சாய்த்துவிடுவதால், செங்கோட்டைப் பக்கம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். தென்காசியில் பழைய சாமான் கடையில் ஒரு 600 விஏ லைன் இன்டராக்டிவ் (குறைந்த வோல்டேஜைத் தானே சரிசெய்யும்) யு.பி.எஸ். கிடைத்தது. "பெரிய பேட்டரியப் போட்டா ராத்திரி பூரா ஓடும் தம்பி" என்றார் கடைக்கார அண்ணாச்சி. அதன் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்குப் பதிலாக 100 ஏஎச் டியூபுலர் பேட்டரியை டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்ப்பதே என் வேலை.

சர்க்யூட் போர்டைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரில் மெல்லிய கம்பிகள் வரும் 230 வோல்ட் சுற்றின் இரு கோடிகளுக்கும் 12 வோல்ட் ஏசி கொடுத்தேன். (அதையே தடித்த கம்பியுள்ள பேட்டரிப் பக்கச் சுற்றின் இரு கோடிகளுக்கும் கொடுத்தால் மறுபக்கம் 150 வோல்ட் எழும்பும், தொட்டால் ஆபத்து.) சுற்றின் இடையிலிருந்து கம்பி வெளியே எடுத்திருக்கும் டேப்பில் 10 வோல்ட் வந்தது; பேட்டரிப் பக்கச் சுற்றின் ஒவ்வொரு பாதியிலும் 0.48 வோல்ட், அதாவது 25இல் ஒரு பங்கு.

12க்கு 10 என்ற விகிதத்தில்தான் ஸ்டெபிலைசர் வேலை நடக்கிறது. வீட்டு மின்சாரம் 175 வோல்ட்டாகக் குறையும்போது ரிலே அதை டேப்பில் சேர்க்க, முழுச் சுற்றிலிருந்து 210 வோல்ட் வெளியே வருகிறது. பேட்டரி தேவைப்படுவதே இல்லை. மின்சாரம் நின்றதும் அதே டிரான்ஸ்ஃபார்மர் எதிர்த்திசையில் உழைக்கிறது: நடுமுனையில் பேட்டரியின் பிளஸ் இருக்க, இரு ஓரங்களையும் மாஸ்ஃபெட்டுகள் (மின்னணு சுவிட்சுகள்) மாறி மாறி மைனஸோடு இணைத்து 50 ஹெர்ட்ஸ் சதுர அலையை உண்டாக்குகின்றன, 25 மடங்கு உயர்ந்து அதன் உச்சம் 300 வோல்ட் ஆகிறது. அலைகளுக்கு நடுவே இடைவெளி விடுவதால் ஆர்எம்எஸ் மதிப்பு (பயனுறு வோல்டேஜ்) 230 வோல்ட்டில் நிற்கிறது.

சிக்கல் கம்பியின் கனத்தில் இருந்தது. பேட்டரிப் பக்கக் கம்பியின் விட்டம் 2 மி.மீ., அதாவது குறுக்குப் பரப்பு சுமார் 3 சதுர மி.மீ. இடைவிடாமல் ஓட வேண்டுமானால் சதுர மி.மீட்டருக்கு 3 ஆம்பியர் என்று வைப்பதே வழக்கம்; அப்படியானால் இந்தக் கம்பிக்குச் சுமார் 9 ஆம்பியர்தான். 300 வாட் லோடோ பேட்டரியிலிருந்து 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால் கம்பியில் செய்த இந்தச் சிக்கனம் செல்லுபடியாகிறது. இரவு முழுவதும் ஓடினால் கம்பியின் மேல் உள்ள வார்னிஷ் பூச்சு கருகும். அண்ணாச்சியின் கணக்கு 100 வாட்டுக்குள் மட்டுமே சரி என்பது என் முடிவு: இரண்டு எல்இடி விளக்கு, ஒரு மேசை விசிறி, வைஃபை ரவுட்டர்.

சார்ஜிங் தனிக் கதை. அதற்கென உள்ள மெல்லிய சுற்று எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐ.சி. வழியாக அதிகபட்சம் 1.5 ஆம்பியர்தான் தரும்; தீர்ந்துபோன 100 ஏஎச் பேட்டரியை நிரப்ப அதற்கு மூன்று நாளாவது ஆகும். ஆகவே 10 ஆம்பியர் தரும் தனிச் சார்ஜர் ஒன்றை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன்.