விழித்திருக்கும் ஆமைகளுக்கு என்ன சாப்பாடு?

நவம்பர் 17, 2024

இன்று ஆமைகளுக்காகப் பின்வளவு முழுக்கத் தேடியும், மஞ்சள் பூப் பூக்கும் டான்டிலயன் களையின் இலை ஒரு கைப்பிடிதான் தேறியது. இனி மார்ச் வரை லண்டனில் புதுத்தளிர் பெரிதாக வராது.

வீட்டில் மூன்று ஆமைகள். குட்டான் ஹெர்மன் இனம், மத்தியதரைக் கடல் பக்கத்தவன். அவன் குளிர்காலத்தில் தூங்குவான். அதற்காகவே ஒரு சின்ன பிறிட்ஜை 5 பாகையில் வைத்திருக்கிறோம். சில கிழமைகளாகச் சாப்பாட்டை நிறுத்தி, வெந்நீர்க் குளியல் மட்டும் கொடுத்து வருகிறேன். குடலில் உணவு மிஞ்சியிருந்தால் அது குளிரில் செரிக்காமல் அழுகிவிடும்.

மணியும் சோழியும் ஆபிரிக்கச் சிறுத்தை ஆமைகள். இந்த இனம் நீண்ட தூக்கம் போடாது. சவன்னாப் புல்லையும் சதைப்பற்றுள்ள செடிகளையும் ஆண்டு முழுக்க மேய்வதற்கு அமைந்த உடம்பு. ஆகவே வெளியே பனி கொட்டினாலும் இவர்கள் இரண்டு பேருக்கும் தினமும் தட்டு நிரம்ப வேண்டும். கோடையில் காயவைத்து எடுத்து வைத்த மல்பெரி இலையும் டான்டிலயனும் இரண்டு துணிப்பைகளில் இருக்கின்றன. ஒரு பை செம்பருத்திப் பூவும் இருக்கிறது.

நவம்பர் 30

சுப்பர்மார்க்கெட்டில் கழுவி வெட்டிய சலாட் பைகளைப் பார்த்தால் ஆறு வகை இருக்கிறது என்று தோன்றும். ஐஸ்பேர்க் லெட்டஸிலும் வெள்ளரிக்காயிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். பெயர் மாறினாலும் வயிற்றுக்குப் போவது ஒன்றுதான். நாரும் குறைவு, சுண்ணாம்புச் சத்தும் குறைவு. புல் தின்னும் ஆமையின் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துத்தான் சக்தி எடுக்கின்றன. நார் குறைந்தால் அந்தக் கூட்டமே குலைந்து, கழிச்சல் தொடங்கிவிடும்.

நான் வாங்குவது சிக்கரி, எண்டைவ், ராடிக்கியோ, வாட்டர்கிரெஸ், லாம்ஸ் லெட்டஸ் போன்ற இலைவகைகள். கிழமைக்குக் கிழமை மாற்றி வாங்குகிறேன். கசப்பான இலைகளை மணி தயக்கமில்லாமல் தின்னும்.

தமிழ்க் கடையில் முளைக்கீரைக் கட்டைக் கண்டால் கை தானாக நீளும். அது எங்களுக்கு மட்டும். முளைக்கீரை, ஸ்பினாச், பீட்ரூட் இலை எல்லாவற்றிலும் ஒக்ஸலேட் அதிகம். அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கோவா (முட்டைக்கோஸ்), கேல் வகைகளில் தைரொயிட்டுக்குக் கெடுதியான பொருட்கள் உண்டு. எப்போதாவது ஒரு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அதுவே தினச் சாப்பாடாகிவிடக் கூடாது.

டிசம்பர் 8

நேற்று டாராக் புயல். இரவு முழுக்க ஜன்னல் அதிர்ந்தது. மின்சாரம் போய்விடுமோ என்ற பயத்தில் ஆமை அறைக்குப் பக்கத்திலேயே படுத்தேன். நல்ல வேளை, போகவில்லை.

புதிதாக ஆமை வளர்க்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில், "இலையைத் தொடவே மாட்டேன் என்கிறது, வேறு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டார். தட்டை விடுங்கள், முதலில் விளக்கைப் பாருங்கள் என்றேன். ஆமையின் உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். விளக்கின் கீழ் 32 முதல் 35 பாகை இல்லாவிட்டால் பசியும் வராது, தின்றதும் செரிக்காது. அப்புறம் யூவிபி, அதாவது வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், இங்கே குளிர்கால வெயிலிலும் அது போதுமான அளவுக்கு இல்லை. யூவிபி இல்லாமல் விட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாமல் எவ்வளவு கல்சியம் கொடுத்தாலும் எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேராது. அவருடைய குழாய் விளக்கு வாங்கி மூன்று வருடமாம். வெளிச்சம் இருந்தாலும் யூவிபி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். நாளைக்கே மாற்றுங்கள் என்று சொன்னேன்.

டிசம்பர் 19

நாருக்காக வைக்கும் உலர்புல் விஷயத்தில் மணி விட்டுக்கொடுக்கவே இல்லை. சோழி எதை வைத்தாலும் தின்னும். மணி அப்படியல்ல, தட்டின் விளிம்பில் நின்று மோந்து பார்த்து, பச்சையை மட்டும் அலகால் இழுத்து எடுக்கும்.

இன்று டிமோதிப் புல்லைக் கத்தரிக்கோலால் விரல்நகம் அளவுக்கு நறுக்கினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் ஊறியதும் அது பச்சை திரும்பி, கோடைப் புல்வெளி வாசம் வந்தது. அதைப் பொடியாக அரிந்த சிக்கரியோடு பிசைந்து, மேலே காய்ந்த செம்பருத்திப் பூவை நொறுக்கித் தூவினேன். புல்துணுக்கு ஈர இலையில் ஒட்டிக்கொண்டதால் பிரித்தெடுக்க வழியில்லை. மணி தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கடி, கொஞ்சம் நிறுத்தம், பிறகு மறுபடியும் ஒரு கடி. தட்டில் பாதி காலி! உண்மையிலேயே பெரிய சந்தோஷம் எனக்கு.

இனிப் புல்லின் பங்கை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும். பிடிவாதத்தில் ஆமையை வெல்ல முடியாது.

டிசம்பர் 26

நத்தார் விடுமுறைக்கு மாமி வந்திருக்கிறா. தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கோல் வைக்கிறியள்? பாவம், ஒரு துண்டு வாழைப்பழம் குடுங்கோவன்" என்றா.

"பழம் இதுகளுக்கு ஒத்துவராது மாமி. சீனி கூடினால் வயிறு பொருமி, கழிச்சல் வரும்" என்றேன்.

"அப்ப வேற என்னதான் விருப்பமாத் தின்னும்?"

சப்பாத்திக்கள்ளியை எடுத்துக் காட்டினேன். மாமிக்கு நம்ப முடியவில்லை. முள்ளைச் சுரண்டித் தோலோடு துண்டு போட்டுக் கொடுத்தேன். சோழி கடிக்கும்போது வழுவழுப்பான சாறு நூலாக இழுபட்டது. கல்சியமும் நாரும் சேர்ந்து இருக்கும் பச்சை உணவு குளிர்காலத்தில் கிடைப்பது அபூர்வம். அதனால் ஜன்னலோரம் இரண்டு தொட்டியில் வளர்க்கிறேன். பிறகு மாமியே, கல்சியத்துக்காக நான் வைத்திருக்கும் கணவாய் மீனின் ஓட்டை எடுத்து மணியின் முன்னால் வைத்தா. காட்டில் சிறுத்தை ஆமைகள் செத்த விலங்குகளின் எலும்பையே கடித்துச் சுண்ணாம்புச் சத்து சேர்க்கும் என்று சொன்னதும், "அட, கெட்டிக்காரர்தான்" என்று சிரித்தா.

ஜனவரி 11, 2025

கடுங்குளிர். புல்வெளி முழுக்க வெள்ளை. ஆனாலும் வேலியோரம் பிளாக்பெரி முட்செடியின் இலைகள் பச்சையாகவே நிற்கின்றன. சுவரோரம் சிக்வீட் படர்ந்திருக்கிறது. ரிப்வோர்ட் செடியில் நாலைந்து நீள இலை. கடையில் வாங்கிய கட்டைவிட இந்தக் கொஞ்சத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். உறைபனி உருகிய பிறகு பறித்து, கழுவித் துடைத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் கொடுத்தேன்.

பூங்காவில் நாய் நடமாடும் ஓரத்திலும் மருந்து அடித்த புல்வெளியிலும் பறிப்பதில்லை. இந்த நாட்களில் டஃபொடில் முளை கிளம்பும், ஃபொக்ஸ்குளோவ் இலையும் தரையோடு படர்ந்து கிடக்கும். இரண்டும் நஞ்சு. அடையாளம் உறுதியாகத் தெரியாத செடி கூடைக்குள் வரவே கூடாது.

பிப்ரவரி 2

மணியின் கழிவு கெட்டியாக, நார் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வருகிறது. சலாட்டை மட்டும் தின்ற நாட்களில் இப்படி இருந்ததில்லை. இப்போது தட்டில் முக்கால் பங்கு புல்லும் காய்ந்த இலையும். குளிக்க வைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை முக்கி நெடுநேரம் குடிக்கிறது. உலர்ந்த சாப்பாடு கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். சிறுநீரோடு வரும் வெள்ளைப் பசை மணல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இன்று தொட்டுப் பார்த்தேன், வழவழவென்றே இருந்தது.

பிறிட்ஜில் குட்டானின் எடை பெரிதாகக் குறையவில்லை. மார்ச்சில் எழுப்பலாம். அவனுக்காகச் சமையலறை ஜன்னலில் மூன்று தட்டுகளில் டான்டிலயன், சிக்கரி, ரிப்வோர்ட் விதை தூவியிருக்கிறேன். சிக்கரி முளைத்துவிட்டது. அடுத்த கிழமை இன்னொரு தட்டு போட வேண்டும்.