சாமுண்டராஜன் செய்வித்தான்

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்திலுள்ள சிரவணபெளகொளாவில் இரண்டு மலைகள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் ஊரும் குளமும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய மலையாகிய விந்தியகிரியில் ஏறிக் கோமடேசுவரர் எனப்படும் பாகுபலியின் சிலையைக் கண்டுவிட்டு, அடுத்த ஊருக்கு வண்டி பிடித்துவிடுகிறார்கள். பள்ளி நாள்களில் சுற்றுலாப் பேருந்தில் போனபோது நானும் அப்படித்தான் செய்தேன். சென்ற தை மாதம் மறுபடியும் போனது சிலையைக் காண்பதற்காக மட்டும் அன்று. அதன் காலடியில் தமிழில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். அத்தனை அருகில் நின்றும் அதைக் கவனிக்காமல் திரும்பியது பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊரின் பெயரே தமிழனுக்குப் பாதி விளங்கிவிடும். பெள் என்பது நம் வெள்; கொள என்பது நம் குளம். சிரமணர்களுடைய, அதாவது சமணத் துறவிகளுடைய, வெள்ளைக் குளம்.

மலையடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பாறையிலேயே வெட்டிய படிகள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. கீழே காலுறை விற்றவரை வேண்டாமென்று கையசைத்துவிட்டு வந்தேன்; நடுப்பகலில் இறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் அதற்கான தண்டனையை உள்ளங்கால் அனுபவித்தது. நடக்க இயலாதவர்களை டோலியில் தூக்கிச் செல்கிறார்கள். எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா டோலியை மறுத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி படிக்கு ஒரு மூச்சாக ஏறிக்கொண்டிருந்தார். "தண்ணி வச்சிருக்கீங்களா தம்பி?" என்று அவர் கேட்டதில்தான் எங்கள் பேச்சு தொடங்கியது.

மேலே போகும் வழியில் நின்று பார்க்க வேண்டியவை பல உண்டு. சுவர்களுக்குக் கல்லாலேயே சாய்வாக முட்டுக் கொடுத்திருக்கும் ஒதெகல் பசதி என்னும் சமணக் கோயில் அவற்றில் ஒன்று; ஒரே பாறையில் குடைந்து, மேலே கஜலட்சுமியைச் செதுக்கியிருக்கும் அகண்ட பாகிலு என்னும் வாயில் மற்றொன்று. ஆனால் உச்சிக்குப் போய்ச் சேரும் அவசரத்தில் யாரும் அங்கே தங்குவதில்லை, நானும் தங்கவில்லை.

சுற்று மண்டபத்துக்குள் நுழைந்ததும், ஏறத்தாழ 58 அடி உயரமுள்ள அந்த உருவம் கூரையில்லாத வானத்தின் கீழே நிற்கிறது. சமண சமயத்தின் முதல் தீர்த்தங்கரரான ரிஷபரின் மகன் பாகுபலி, தன் அண்ணன் பரதனோடு கண்ணாலும் நீராலும் மல்லாலும் போரிட்டு மூன்றிலும் வென்றவன். வென்ற கணத்திலேயே வெற்றியின் மீது அருவருப்புற்று, எல்லாவற்றையும் துறந்து அசையாமல் நின்றுவிட்டவன். அவன் நின்ற காலத்தின் நீளத்தைச் சிற்பி எண்களால் சொல்லவில்லை. தொடையிலும் தோளிலும் படர்ந்த கொடிகளாலும், கால்களுக்கு அருகே எழுந்த புற்றுகளாலும், அவற்றிலிருந்து தலை நீட்டும் பாம்புகளாலும் சொல்லியிருக்கிறான். தொடைவரை பின்னால் பாறையின் பிடிப்பு இருக்கிறது. அதற்கு மேல் உடல் எந்தத் துணையும் இல்லாமல் நிற்கிறது. இது வேறோர் இடத்தில் செதுக்கி மேலே ஏற்றிய சிலை அன்று. மலையுச்சியில் நின்ற பாறையையே குடைந்து எடுத்த உருவம். உளி ஓரிடத்தில் வழுக்கியிருந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு கல் இருந்திருக்காது என்பதை நினைத்தபோது, அந்த முகத்தின் மெல்லிய புன்னகையைவிடச் செதுக்கியவனின் கைதான் என்னை நடுங்கவைத்தது.

இதை எடுப்பித்தவன் சாவுண்டராயன் என்னும் சாமுண்டராயன். மாரசிம்மன், நான்காம் ராசமல்லன் என்னும் கங்க அரசர்களிடம் அமைச்சனாகவும் படைத்தலைவனாகவும் இருந்தவன். கன்னட உரைநடையில் புராணம் எழுதியவன். சிலை நிறுவப்பட்ட ஆண்டாக 981 பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. காலடியில் அவன் பெயர் மூன்று மொழிகளில் இருக்கிறது. கன்னடத்தில் 'ஸ்ரீ சாவுண்டராஜம் மாடிசிதம்'; தமிழில் 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்'; நாகரி எழுத்தில், மராத்தியில் 'சாவுண்டராஜேம் கரவியலேம்'. சிலையைச் சுற்றியுள்ள மண்டபத்தைக் கட்டிய கங்கராஜனின் பெயரும் மராத்தியில் தொடர்ந்து வருகிறது. அவன் ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி. ஆகவே கங்கராஜனைச் சொல்லும் வரி சிலைக்கு நூறாண்டுகளுக்கும் பிற்பட்டது.

தமிழ் வரியில் பெயர் கிரந்தத்திலும் வினைச்சொல் வட்டெழுத்திலும் இருக்கின்றன. சற்று எட்ட நின்றுதான் பார்க்க முடிந்தது. கையில் கொண்டுபோயிருந்த அச்சுப் படியோடு ஒப்பிட்டு எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆரணி அம்மா அருகில் வந்து என்னவென்று கேட்டார். தமிழ் என்றேன்.

"நம்ம எழுத்து மாதிரி இல்லையே தம்பி."

"பழைய எழுத்தும்மா. சாமுண்டராஜன் செய்வித்தான்னு இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செய்வித்தான்னா, செஞ்சவன் பேரு எங்க?" என்றார்.

ஆங்கிலத் தொகுப்புகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த வரியை எத்தனையோ முறை படித்தவன் நான். தமிழ் இங்கே இருக்கிறது என்ற பெருமிதத்தில் அந்த வினைச்சொல்லை ஒருமுறையும் நிறுத்திப் படித்ததில்லை. செய்தான் என்று எழுதவில்லை. செய்வித்தான் என்று பிறவினையில்தான் எழுதியிருக்கிறார்கள். கன்னடத்து மாடிசிதமும் மராத்தியின் கரவியலேமும் அதே பிறவினைதான். தான் உளி பிடிக்கவில்லை என்பதை அந்த அமைச்சன் மூன்று மொழிகளிலும் இலக்கணப்படி ஒப்புக்கொண்டிருக்கிறான்; ஆனால் உளி பிடித்தவனின் பெயர் அந்த வரிகள் ஒன்றிலும் இல்லை. அந்த அம்மாவுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சாமுண்டராயனின் செருக்கை அடக்க வந்தவளாக ஊர்க்கதை சொல்லும் குள்ளகாயஜ்ஜி, சிலைக்கு எதிரே சிறிய உருவமாக நிற்கிறாள். அவன் குடம் குடமாக ஊற்றிய பால் சிலையின் இடுப்புக்குக் கீழே இறங்கவில்லையாம். ஒரு கிழவி காட்டுக்காயின் ஓட்டில் கொண்டுவந்த துளிப் பால்தான் பாதம்வரை வழிந்ததாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, சிலையின் தலையிலிருந்து அபிஷேகம் செய்யும் மகாமஸ்தகாபிஷேகம் நடக்கும் தலத்தில் இப்படியொரு கதையையும் காத்து வைத்திருக்கிறார்கள். கடைசியாக அது நடந்தது 2018இல்.

மாலையில் சின்ன மலையாகிய சந்திரகிரிக்குப் போனேன். பெரிய மலையின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. ஆனால் கல்வெட்டுகள் இங்கேதான் மிகுதி. விந்தியகிரியில் 172 என்றால் இங்கே 271. காலடிப் பாறையெல்லாம் எழுத்து. அவற்றில் பல, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த துறவியரின், ஆண் பெண் இருபாலாரின், நினைவுக் குறிப்புகள். சல்லேகனை என்று இங்கே சொல்லப்படும் அந்த நோன்பு தமிழனுக்குப் புதிதன்று. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையை, அதாவது அவர் உயிர்நீத்த இடத்தை, இதே போன்ற ஒரு பாறையெழுத்துத்தான் சொல்கிறது. சுமார் 600ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இம்மலையின் பழைய கல்வெட்டொன்று, பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வருமென்று உஜ்ஜயினியில் பத்திரபாகு என்னும் சமண முனிவர் முன்னறிந்து சொன்னதையும், சமணத் துறவியரின் சங்கம் தெற்கே புறப்பட்டதையும், பிரபாசந்திரர் என்னும் ஆசாரியர் இங்கே உடலைத் துறந்ததையும், காலப்போக்கில் எழுநூறு முனிவர்கள் அவ்வாறே முடிவெய்தியதையும் சொல்கிறது. அந்தப் பத்திரபாகுவோடு வந்து இம்மலையிலேயே மறைந்தவர் மௌரியச் சந்திரகுப்தர் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை.

இங்குள்ள பெயர்களில் பலவற்றைச் சுற்றி வேறு எதுவுமே இல்லை. ஊர், குரு, நோன்பு, முடிவு, அவ்வளவுதான். எதையும் செய்வித்தவர்கள் அல்லர், இருந்ததையும் விட்டவர்கள். அப்படிப்பட்டவர்களின் பெயரைப் பாறை வைத்திருக்கிறது, எதிர்மலையில் ஒரு மலையுச்சியையே மனிதனாக்கியவனின் பெயரை அந்த வரிகள் வைத்திருக்கவில்லை என்பதை நினைத்தபடி நிமிர்ந்தபோது, மதிலுக்கு மேலாகப் பாகுபலியின் தலை வெயிலில் தெரிந்தது.

பத்திரபாகு குகையில், பாறையில் வெட்டிய பாதச் சுவடுகளின் முன் அந்த ஆரணிக் குடும்பத்தை மறுபடியும் கண்டேன். அம்மா முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் அரிசியை எடுத்து வைத்து வணங்கினார். வெளியே வந்ததும் நெற்றியில் கைவைத்து மேற்கே பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டாகணும் தம்பி. நீங்களும் வாங்க, கீழ எங்களோடயே சாப்பிடலாம்."