முன்பணம் விசுவாசம் ஆகாது

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே புலம்பல்தான். 2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த வெள்ளி அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வெளியே இருந்து பார்ப்பவர்கள் வெள்ளிக்காரர்களுக்கு யோகம் என்கிறார்கள். எங்கே யோகம்? கையில் இருக்கிற அதே முதலுக்குப் பாதி வெள்ளிதான் வருகிறது, ஜனங்களும் கனம் குறைந்த கொலுசாகக் கேட்கிறார்கள், கூலியோ எடைக்கணக்கு, ஆக வேலை செய்கிறவர் கைக்கு வருவதும் பாதியாகிவிடுகிறது.

என் மச்சானுக்கும் அங்கே ஒரு பட்டறை, கணக்கு பார்ப்பது நான். ஆளைக் குறைக்காமல் பட்டறை ஓடாது என்ற நிலை வந்தது. ஆளை நிறுத்துவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன், பட்டறை மூழ்கினால் யாருக்கும் கூலி இல்லை. தீபாவளி வரை வேலையை வாங்கிக்கொண்டு மறுநாள் 'அப்புறம் சொல்லி அனுப்புறேன்' என்பதுதான் அநியாயம்.

'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று பேசுகிற முதலாளிகள் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். இத்தனை வருஷமாக ஆள் மாறவே இல்லை என்று பெருமைப்படுவார்கள், கணக்கு நோட்டைப் புரட்டினால் அந்த ஆள் வாங்கிய முன்பணம் இன்னும் தீர்ந்திருக்காது. கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடக் கூடாது என்று 1976லேயே சட்டம் வந்தாயிற்று.

ஆட்குறைப்புக்கும் சட்டம் உண்டு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு, கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும், திரும்ப ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவருக்கே முன்னுரிமை: 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் வகுத்தது இது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இதேதான். வீட்டுத் திண்ணையில் நடக்கிற பட்டறைகளில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

மச்சானிடம் கடைசியாக வந்தவன் மெஷின் ஓட்டுகிற பையன். அவனை விட முடியாது. சட்டம் வேலைப் பிரிவுவாரியாகத்தான் வரிசை பார்க்கச் சொல்கிறது, அதனால் பையன் தனிப் பிரிவு, பற்றவைப்பவர்களில் பின்னால் வந்த இருவரை நிறுத்தலாம் என்றார் மச்சான். சரி, அதை நோட்டை விரித்து வைத்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார், வங்கிக் கடன் உட்பட.

அந்த இருவரில் மூத்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, நஷ்டஈட்டுல முன்பணத்தைக் கழிச்சுட்டுத் தருவீங்களா, கழிக்காம தருவீங்களா?"

கழித்தால் அவர் கைக்கு அனேகமாக எதுவும் வராது. கழிக்காதீர்கள் என்றேன். "என் கடனை எவன் கழிக்கிறான்?" என்று மச்சானுக்குக் கோபம் வந்தது, அதுவும் நியாயம்தான், வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. கடைசியில் நஷ்டஈட்டை முழுசாகக் கொடுத்துவிடுவது, முன்பணத்தைத் தனியாக எழுதி வைத்து திரும்ப வேலைக்கு வந்தால் சிறுகச் சிறுகப் பிடிப்பது என்று பேசி முடித்தார்கள். வேறு பட்டறைக்குப் போய்விட்டால்? போனால் போகட்டும் என்றார் மச்சான், அக்கா காதில் விழாத மாதிரி.