எட்டு பைட்

2010ஆம் ஆண்டு மதுரையில் ஒரு சிறிய கணினிக் கடையில் வேலை பார்த்தேன். விற்பனை, பழுது, வீடு தேடிப் போய் இணைப்புக் கொடுப்பது எல்லாம் இரண்டு பேர் தலையில்தான். லினக்ஸ் இயங்குதளம் என்றால் என்னை அனுப்புவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் வீடு. தொலைபேசிக் கம்பியில் வரும் பிராட்பேண்ட். மோடத்தில் ஒரே ஒரு போர்ட், வைஃபை கிடையாது. அவருடைய பழைய பென்டியம் கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைச் செருகி, உபுண்டு 10.04 என்ற லினக்ஸ் போட்டு, பேத்தியின் மடிக்கணினிக்கும் அதன் வழியாகவே இணையத்தைப் பகிர்ந்து கொடுத்தேன். அந்த மடிக்கணினியிலும் உபுண்டுதான். மோடம் பிரிட்ஜ் முறையில், அதாவது தரவைக் கடத்துவதோடு நிற்கும்படி இருந்ததால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ என்ற முறையில் இணைப்பை எழுப்புவது கணினியின் வேலை. அதற்கான நிரல் திரை திரையாகக் கேள்வி கேட்கும். இணையத்தில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகும்; ஒரு பொட்டலத்தில் போகும் தரவின் உச்ச அளவுதான் எம்எஸ்எஸ். அதை 1452 பைட்டுக்குள் கட்டுப்படுத்தவா என்று ஒரு திரை கேட்டது. சந்தேகமாக இருந்தால் 'ஆம்' என்று சொல்லுங்கள் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. எனக்கு எங்கே சந்தேகம்? 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. பழைய கணினியில் எல்லாம் திறக்கிறதாம். மடிக்கணினியில் தேடுபொறி வருகிறது, சில செய்தித்தளங்கள் வருகின்றன, வங்கியின் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

போய்ப் பார்த்தேன். முதலில், தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் மேல் பழி போட்டு, அதன் முகவரியைக் கூகிளின் 8.8.8.8 என்று மாற்றினேன். பயனில்லை. பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைக் கழற்றி மாட்டினேன், கம்பியை மாற்றினேன். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால் ஒன்று தவறாமல் பதில் வந்தது. வராமல் என்ன செய்யும்? பிங் அனுப்புவது கைக்குட்டை அளவுப் பொட்டலம். சிக்கலோ மூட்டைகளில் இருந்தது. இது உறைக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வேறு வழி தெரியாமல் மடிக்கணினியின் எம்டியுவை, அதாவது ஒரு முழுப் பொட்டலத்தின் உச்ச அளவை, 1500லிருந்து 1492 ஆகக் குறைத்தேன். வங்கியின் பக்கம் உடனே திறந்தது. பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் தன் தலைப்புக்காக எட்டு பைட்டை எடுத்துக்கொள்ளும். பழைய கணினிக்கு அது தெரியும். பின்னால் இருக்கும் மடிக்கணினிக்குத் தெரியாது, 1500 பைட் வரை வாங்கிக்கொள்வேன் என்று வங்கிக்குச் சொல்லிவிடுகிறது. தளம் தன் அடையாளத்தைக் காட்ட அனுப்பும் சான்றிதழ் போன்றவை பெரிய பொட்டலமாக வரும்போது வழியில் சிக்கிக்கொள்கிறது.

"என்ன தம்பி கோளாறு?" என்று காப்பியை நீட்டினார். பொட்டலம் பெரிது சார், வழியில் நின்றுவிடுகிறது என்றேன்.

"அளவு மீறினால் அனுப்பியவருக்குத் தகவல் போக வேண்டுமே. அது எங்கே போயிற்று?"

டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றேன். அவர் கேட்டதுதான் முழு நோயும். பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்று ஐசிஎம்பி என்ற வகை அறிவிப்புச் செய்தி திரும்பிப் போக வேண்டும். மறுமுனையில் யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் தடுத்து வைத்திருந்தால் அது சேராது. சேவையகமும் அதே மூட்டையையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

"தபாலில் அப்படிச் செய்தால் மெமோ கொடுப்பார்கள்" என்றார்.

அந்த நிரலை மறுபடி ஓட்டினேன். அதே கேள்வி வந்தது. இம்முறை 'ஆம்' கொடுத்தேன்; இனி மடிக்கணினி சொல்லும் அளவைப் பழைய கணினியே வழியில் குறைத்துவிடும். மடிக்கணினியின் எம்டியுவைப் பழையபடி 1500க்கே மாற்றி, வங்கிப் பக்கம் திறக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

கூலி எவ்வளவு என்று கேட்டார். வாங்கவில்லை. பழுது என்னுடையது என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.